மூன்றாம் நாள் கொப்புளம்

மழித்த தலை ஒன்று முன்னால் குனிந்ததும் ஜெயம்மாவின் கை நேராக உச்சிக்குப் போகாது. முதலில் காதுகளின் பின்புறம். கத்தி கீறிவிட்டுப் போகும் இடம் அதுதான். அங்கே ஒரு விரல் சந்தனத்தை வைத்துவிட்டு, குழந்தை முகம் சுளிக்கும் முன்பே பேச்சுக் கொடுத்துவிடுவாள். "சுருக்குன்னுதா நைனா? தோ, இப்ப குளுகுளுன்னு ஆவும் பாரு." அதற்குள் அவள் உள்ளங்கை தலையை இரண்டு சுற்றுச் சுற்றி முடித்திருக்கும்.

திருத்தணி மலையடிவாரத்துக் குளக்கரையில், மொட்டைக் கொட்டகையின் வாசலில், பதினேழு வருடங்களாக அவளுக்கு இதுதான் தொழில். தாம்பாளத்தில் சந்தனத் தூளைக் கொட்டித் தண்ணீர் தெளித்துக் கையாலேயே குழைப்பாள். கரண்டி கிடையாது. "கையால பிசைஞ்சாத்தான் கட்டி இல்லாம வரும்" என்பாள். மற்ற நாட்களில் பத்துப் பதினைந்து தலைகள். கிருத்திகையன்று மட்டும் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை கை சந்தனத்திலேயே கிடக்கும்.

அந்தக் கைக்கு இரண்டு வருடங்களாக ஒரு சீக்கு. விரல் இடுக்குகளில் அரிப்பு தொடங்கும். பிறகு ஜவ்வரிசி போல நீர்க் கொப்புளங்கள். அவை உடைந்து காய்ந்து, தோல் பாளம் பாளமாக வெடித்துவிடும். ஆறுவதற்கும் அடுத்த கிருத்திகை வருவதற்கும் சரியாக இருக்கும்.

குற்றவாளி கருவாடு என்று ஜெயம்மா முடிவு கட்டியிருந்தாள். கிருத்திகைக்கு முதல் நாளிலிருந்து மறுநாள்வரை அவள் வீட்டில் கவுச்சி கிடையாது. அதற்கடுத்த நாள் கருவாட்டுக் குழம்பு. அன்று சாயங்காலமே கை கொப்புளித்துவிடும். பக்கத்தில் பூ விற்கும் கவிதாவிடம் இதை வழக்குப் போல எடுத்துவைப்பாள். "சந்தனத்துல கை வெச்ச அன்னிக்கு ஒண்ணுமில்ல. மறுநா ஒண்ணுமில்ல. கருவாடு துன்ன அன்னிக்குத்தான் வருது. அப்போ எதும்மா காரணம், நீயே சொல்லு."

கருவாட்டை நிறுத்தினாள். அந்த மாதமும் வந்தது. "பழைய கருவாடு இன்னும் ரத்தத்துல கீது" என்றாள். குழம்பில் கூட வெந்த பாவத்துக்குக் கத்திரிக்காய் போயிற்று. பிறகு முட்டை, வேர்க்கடலை, கொய்யாப்பழம். கவிதா சிரித்தாள். "யக்கா, இன்னும் சோறும் தண்ணியும்தான் பாக்கி. அதையும் நிறுத்திட்டா கை நல்லாயிடும். ஆளுதான் இருக்கமாட்ட."

ஜெயம்மா சிரிக்கவில்லை. கருவாட்டை அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு வேறு காரணம் இருந்தது. சாமி சந்தனமே ஒரு கைக்கு ஆகவில்லை என்றால், அந்தக் கை என்ன பாவம் செய்தது என்று கேட்கமாட்டார்களா? யாரும் கேட்க வேண்டியதுகூட இல்லை. தைக் கிருத்திகையன்று நகரியிலிருந்து வந்த ஒரு பெண், நீட்டிய குழந்தையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். "அந்தக் கை வேண்டாம்" என்று புருஷனிடம் தெலுங்கில் சொன்னாள், இவளுக்குப் புரியாதென்று நினைத்து. தெலுங்கு ஜெயம்மாவின் வீட்டுப் பேச்சு. காதில் விழாததுபோல் அடுத்த தலைக்குத் திரும்பினாள். அன்றிலிருந்து, வேலை இல்லாத நேரத்தில் கைகளைத் தாம்பாளத்துக்கு அடியில் ஒளித்துவைக்கும் பழக்கம் வந்துவிட்டது. ஒரு நாள் கவிதா ரப்பர் கையுறை வாங்கிவந்து கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்த அன்று மூன்று தலைகள்கூட அவளிடம் வரவில்லை. "சாமி சந்தனத்த ஆஸ்பத்திரிக் கையால பூசிக்குவாங்களா" என்று தானே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

கணவன் பூபாலன் விசைத்தறி ஓட்டுபவன். அத்தை மகன் என்பதால் இன்றும் அவனை அவள் 'பாவா' என்றுதான் கூப்பிடுகிறாள். அவன்தான் ஒரு திங்கட்கிழமை காலை ரயிலில் அவளைச் சென்னைக்கு, பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்கு அழைத்துப்போனான். மருத்துவர் பானுப்ரியா சின்னப் பெண். சட்டைப் பொத்தான் அளவுக் கிண்ணங்கள் இருபதை, கைக்கு எது ஆகவில்லை என்று பார்க்க ஒவ்வொன்றிலும் ஒரு பொருளை வைத்து, மேலிருந்து கீழாக ஐந்தைந்தாக நாலு வரிசையில் ஜெயம்மாவின் முதுகில் ஒட்டினாள். கம்மலில் கலக்கும் நிக்கல், ரப்பர், செருப்புத் தோல் பதனிடும் உப்பு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஜெயம்மா கொண்டுவந்திருந்த சந்தனத் தூள் கடைசி இடத்துக்குப் போயிற்று. நாலாம் வரிசையின் மூலை, இருபதாம் எண்.

ஒட்டி முடித்ததும் ஜெயம்மா தன் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். நெத்திலிக் கருவாடு. அறை முழுவதும் மணந்தது. நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இதையும் ஒட்டிடும்மா. இதான் மெயின்."

பானுப்ரியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இது வேணாம்மா. எனக்குத் தெரிஞ்சு நீங்க கருவாடு தாராளமா சாப்பிடலாம்."

ஜெயம்மா பொட்டலத்தைத் திரும்ப மடித்தாள். கருவாடு இல்லையென்றால் வேறு எது?

"தொட்ட அன்னிக்கு வராம மூணாம் நாளு எப்டிம்மா வரும்?"

"உங்க தோலுக்குள்ள காவல் செல்லுங்க இருக்கும்மா. ஆகாத பொருள் உள்ள வந்தா, அதை அக்குள்ல நெறி கட்டும் பாருங்க, அந்த மாதிரி இடத்துக்கு எடுத்துட்டுப் போகும். அங்க டி செல்லுன்னு ஒரு வகை வெள்ளை அணு. அதுகிட்ட அடையாளம் காட்டும். அப்புறம் எப்ப அதே பொருளைத் தொட்டாலும் அந்த டி செல்லுங்க கூட்டம் சேர்த்துக்கிட்டு வரும். கூடி வந்து சேர ரெண்டு மூணு நாள் ஆகும். பூச்சி கடிச்ச உடனே தடிக்குதே, அது வேற. இது மெதுவா வர்ற படை."

"வர்றது எதுக்கு? என் கைய புண்ணாக்கவா?"

"உங்களைக் காப்பாத்துறதா நினைச்சுக்கிட்டுத்தான் வருது."

"அதுக்கு மறந்து போவாதாம்மா?"

"லேசுல மறக்காதும்மா. பல பேருக்கு ஆயுசுக்கும் இருக்கும்."

திரும்பும் ரயிலில் ஜெயம்மா சேலைக்கு அடியில் தன் அக்குளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பதினேழு வருடம் சோறு போட்டதை, அவளைக் கேட்காமல் அவள் உடம்புக்குள்ளேயே யாரோ எதிரி என்று குறித்துவைத்திருக்கலாம். மணவூர் தாண்டும்போது பூபாலன் வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குளிக்கக் கூடாது, வேர்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. குளிக்காமல் காபிகூடத் தொடாதவள், ஈரத்துணியால் கைகால்களைத் துடைத்துக்கொண்டு இரண்டு நாள் சுவரில் சாயாமல் உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமை போனபோது கிண்ணங்களை எடுத்துவிட்டுப் பேனாவால் எண்களைக் குறித்தார்கள். தோல் எங்கும் சமமாக இருந்தது. "பாத்தியா பாவா, ஒண்ணுமே இல்ல" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அவள் குரல் உயர்ந்தது. மருத்துவர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமை வாங்க. சிலது ரெண்டு நாள்ல தலை காட்டாது."

வியாழக்கிழமை மத்தியானம் கரண்ட் போய்த் தறி நின்றுவிட்டதால் பூபாலன் வீட்டுக்கு வந்தான். ஜெயம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தாள்.

"இன்னாமே?"

"நமைக்குது."

"எங்க?"

"தெரியலயே. முதுகுன்றது மட்டும் தெரியுது. ஒரே எடத்துலதான். சொறியக் கூடாதுன்னு நின்னுகினு கீறேன்."

அவன் ரவிக்கையைத் தூக்கப் போனபோது அவள் தடுத்தாள். "இரு பாவா. மொதல்ல மேலேர்ந்து பாரு. மேலனா ஒண்ணுமில்ல. கம்மல வேணாலும் கழட்டிப் போட்டுர்றேன். செருப்பு இல்லாம கூட நடந்துக்குவேன்."

பூபாலன் ரவிக்கையை மெல்ல உயர்த்தினான். விசைத்தறியில் அறுந்த இழையைத் தேடிப் பழகிய விரல், பேனா எண்களைத் தொட்டும் தொடாமலும் நகர்ந்தது. "ஒண்ணு, இல்ல. ரெண்டு, இல்ல. மூணு..." ஒவ்வொரு 'இல்ல'வுக்கும் அவள் "ஆங், ஆங்" என்றாள். முதல் வரிசை முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. பதினைந்துக்குப் பிறகு அவள் 'ஆங்' போடுவது நின்றுவிட்டது. பதினேழுக்குப் பிறகு அவன் எண்ணுவதும் நின்றது. விரல் மட்டும் இறங்கி, கடைசி மூலைக்கு வந்து, தோலைத் தொடாமல் அப்படியே நின்றது.

"சொல்லு பாவா. மேலயா, கீழயா?"

தெருவில் யாரோ இட்லி மாவு விற்றுக்கொண்டு போனார்கள். பூபாலன் குனிந்து, சிவந்திருந்த அந்த இடத்தருகே வாயைக் கொண்டுபோய், மெல்ல ஊதினான்.