வாயைக் கட்டிய மிளகு மிஷின்

இன்றைக்கு நினைத்தாலும் அந்த ஆளை நாலு அறை விடலாம் போலிருக்கிறது. கொல்லிமலையில், தேவனூர் நாட்டுப் பக்கம், மிளகு காயவைக்கும் கொட்டகை வைத்திருந்த முதலாளியைத்தான் சொல்கிறேன். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து நடந்தது. அந்தப் பருவம் பூராவும் தூறல். வெயிலை நம்ப முடியாமல் எல்லோரும் பச்சை மிளகை அவருடைய விறகடுப்பு மிஷினுக்குத்தான் கொண்டுவந்தார்கள்.

சூட்டைப் பார்த்துச் சொல்ல, ரூபி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். விறகை இழுத்துத் தணிப்பது ஆள் வேலை. சொல்வது மட்டும் கம்ப்யூட்டர் வேலை. சொல்வதிலும் கீழிருந்து மேலாக நாலு தரம் உண்டு. மூட்டை ஏறினால் 'இன்ஃபோ'. சூடு எல்லை தாண்டினால் 'வார்ன்', கூடவே ஒரு கூவல். சூடு பார்க்கும் வயர் அறுந்தால் 'எரர்'. புரோகிராமே படுத்துவிட்டால் 'ஃபேட்டல்'. எந்தத் தரத்திலிருந்து வாயைத் திறக்க வேண்டும் என்பதைத் தனி ஃபைலில் ஒரே வரியாக வைத்து, முதலாளிக்கும் காட்டியிருந்தேன். அதில் 'வார்ன்' என்று போட்டிருந்தேன்; அதற்குக் கீழே இருப்பது ஸ்கிரீனுக்கு வராது.

அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம். முதல் மிளகு நெருப்பைப் பார்க்கும்போது யாரும் கெட்ட சொல் சொல்லக் கூடாது. தும்மினால்கூட மூட்டையை இறக்கிவிட்டுச் சற்று உட்கார்ந்து எழுவார்கள். முதல் நாளே மிஷின் கூவியது. இரண்டு பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"ஏனுங்க, நல்ல காரியத்துல இதென்ன ஒப்பாரி? அதோட வாயைக் கட்டுங்க."

"சத்தத்தை நிறுத்திடறனுங்க. எழுத்து மட்டும் ஸ்கிரீன்ல வரட்டும். அதையும் நிறுத்துனா மொளகு கருகுறது உங்களுக்கே தெரியாதுங்க."

"செரிங்க, செரிங்க" என்று தலையை ஆட்டினார்.

சொன்னபடி சத்தத்தை நிறுத்திவிட்டு, மாற்று வயர் வாங்கக் காளப்பநாயக்கன்பட்டிக்கு பஸ் ஏறினேன். திரும்பி வந்தால் கொட்டகைக்கு வெளியிலேயே கருகல் நெடி. ஸ்கிரீனில் ஓர் எழுத்து இல்லை. ஃபைலைத் திறந்தேன்: 'ஃபேட்டல்'. நான் அந்தப் பக்கம் போனதும் மாற்றியிருக்கிறார், பாவி! அப்புறம் புரோகிராம் செத்தால்தான் பேசும். எழுத்து வராததால் விறகை இழுக்க ஆளும் எழுந்திருக்கவில்லை.

உள்ளே ஒரு பெண் கரியாகிப்போன மிளகைக் கிளறிக்கொண்டிருந்தாள். அந்த வருஷத்து மிளகு அத்தனையையும் அன்றைக்குத்தான் கொண்டுவந்து ஏற்றியிருந்தாள். அடுத்த விளைச்சல் வரை அவள் வீட்டுக்கு வேறு வழி கிடையாது.

"கம்ப்யூட்டரே ஒண்ணும் சொல்லலீங்க அம்மிணி. உங்க மொளகுதான் பிஞ்சு, அதான் கருகிப்போச்சு" என்றார் முதலாளி, கொஞ்சமும் கூசாமல்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "பொய்யுங்க! அது சொல்லக் கூடாதுன்னு இவர்தான் நிறுத்தி வெச்சுட்டாரு."

"நானா நிறுத்துனேன்? இவங்க வழக்கமுங்க அது" என்றார் முதலாளி.

அவள் எழுந்தாள். "கெட்ட சொல்லு வேண்டாமுன்னுதானுங்க சொன்னோம். ஊடு தீப்புடிச்சாலும் எங்ககிட்டச் சொல்லாதீங்கன்னா சொன்னோம்?"

அவள் கருகின மிளகை ஒரு கை அள்ளினாள். முதலாளியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி, அழுத்திப் பிடித்தாள்.

"பிஞ்சுதானுங்களே? மென்னு பாருங்க."

அவர் கையை உருவப் பார்த்தார். அவள் விடவில்லை.