மாமா அனுப்பிய கட்டங்கள்

தினமும் ஒரே ஒரு ஆங்கிலச் சொல். ஐந்து எழுத்து, ஆறு வாய்ப்பு. எழுத்து சரியான இடத்தில் விழுந்தால் கட்டம் பச்சை. அந்த எழுத்தே சொல்லில் இல்லையென்றால் சாம்பல். என் மாமா புக்கிட் பாஞ்சாங்கில் ரயிலேறி, தேக்காவில் இருந்த தம் துணிக்கடைக்கு வந்து சேர்வதற்குள் விளையாடி முடித்து, அந்த வண்ணக் கட்டங்களைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார். கூடவே ஏதாவது விசித்திரமான தகவல். ‘ஈரி’ (eerie) என்ற ஆங்கிலச் சொல் முதலில் பயமுறுத்தும் இடத்தை அல்ல, பயந்து நிற்கும் ஆளைத்தான் குறித்ததாம். தொடக்கநிலை ஐந்தில் படித்த எனக்கு இதெல்லாம் தின்பண்டம்.

ஒருநாள் மாமா கடையிலேயே சுருண்டு விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. மருத்துவமனையில் கூப்பிட்டால் இமைகூட அசையவில்லை.

மறுநாள் காலை அவர் எண்ணிலிருந்து கட்டங்கள் வந்தன.

“அம்மா! மாமா எழுந்துட்டாரு!”

அம்மா தன் போனை என் கையிலிருந்து மெல்லப் பிடுங்கிக்கொண்டாள். “ஸ்கூல் பஸ் வந்துரும். போய் ஷூவைப் போடு.”

அடுத்த நாளும் வந்தன. ஆனால் மாமா இவ்வளவு மோசமாக ஆடுகிறவரே அல்லர். வரிவரியாகச் சாம்பல், கடைசி வரியில்தான் பச்சை. தூக்கத்துக்குள்ளிருந்து ஆடுகிறார், அதனால்தான் எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன என்று நானே முடிவுகட்டினேன். மருத்துவமனையில் அவர் விரல்களையே முறைத்துக்கொண்டிருந்தேன். அவை அசையவில்லை. விடிந்ததும் கட்டங்கள் மட்டும் வந்தன.

சனிக்கிழமை அம்மாவோடு மாமா வீட்டுக்குப் போனேன். அவருடைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவருடைய நாற்காலியில், அவருடைய போனோடு அத்தை உட்கார்ந்திருந்தார்.

“வாடி, நல்ல நேரத்துல வந்தே. நாலு பச்சை விழுந்துருச்சு, ஒண்ணு மட்டும் சிக்க மாட்டேங்குது. கடைசி சான்ஸ் வேற.”

“நீங்களா அத்தை விளையாடுறீங்க? இது போங்கு லா!”

“ஒருநாள் விட்டா, விடாம ஆடின நாள் எண்ணிக்கை மறுபடி சைபர்லேருந்து ஆரம்பிக்குமாமே. எழுந்ததும் என்னைத்தான் திட்டுவாரு உங்க மாமா. சீக்கிரம் சொல்லு.”

எனக்குக் கோபம். ஆனால் விடை தெரிந்த பிறகு வாய் சும்மா இருக்குமா? சொல்லிவிட்டேன். வரி முழுக்கப் பச்சை. அத்தை அதைக் குழுவுக்கு அனுப்பினார்.

மாமா இனி எழமாட்டார் என்று டாக்டர் அன்று காலைதான் அம்மாவிடமும் அத்தையிடமும் சொல்லியிருந்தார். எனக்கு யாரும் சொல்லவில்லை.

அம்மாவின் போன் சிணுங்கியது. அத்தையின் முகத்தைப் பார்க்காமல் அம்மா பதில் தட்டினாள்: “சூப்பர்ணே! இன்னிக்கு மயிரிழையில தப்பிச்சீங்க.”

மாமாவின் போனிலிருந்து ஒரு சிரிப்பு முகம் பதிலாக வந்தது.

ஒரே அறையில் இருந்துகொண்டு போனில் பேசிக்கொள்கிறார்களே என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.