இப்பத்தானே பாத்திருக்கீங்க!

போன வாரம் ஆபீஸ் லஞ்ச் டேபிளில் திவ்யா டிபன் பாக்ஸைக்கூடத் திறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் டீமில் இருக்கும் பெண். எட்டு மாதம். முதல் குழந்தை.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. எவ்ளோ வலிக்கும்?"

"அதெல்லாம் குழந்தை முகத்தைப் பார்த்ததும் மறந்துடும்" என்றேன்.

பொய். நான்கு வருடம் ஆகிறது, எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. எல்லா அம்மாக்களும் இந்த ஒரு பொய்யை மட்டும் எப்படித்தான் வார்த்தை மாறாமல் சொல்கிறோமோ! நேரில் திருத்திச் சொல்ல தைரியம் வரவில்லை. திவ்யா நான் எழுதும் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவள். அதனால் இங்கே...

அன்று காலை ஒன்பதரை மணி. பெங்களூர் ஜோகுபாளையம் வீட்டில் லேப்டாப் முன்னால் மீட்டிங்கில் இருந்தேன். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. திடீரென்று நாற்காலி நனைந்தது. பனிக்குடம் உடைந்துவிட்டது.

"சாரி, நெட் சரியில்ல" என்று சொல்லிவிட்டு மீட்டிங்கிலிருந்து வெளியே வந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியாது. பெங்களூரில் யாரும் மறுகேள்வி கேட்காத ஒரே காரணம் அதுதான்.

என் கணவன் செந்தில் திருநெல்வேலிக்காரன். அப்போது அவன் பெங்களூரு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. பிரசவ வகுப்புக்கு நோட்டுப் புத்தகத்தோடு வந்த ஒரே ஆண். பை, ஃபைல், ஃபிளாஸ்க் என்று லிஸ்ட் போட்டு எல்லாவற்றையும் காரில் ஏற்றினான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோதுதான் அவன் காலில் செருப்பில்லை என்று கவனித்தோம்.

டாக்டரம்மா பரிசோதித்தார். "மூணு சென்டிமீட்டர்தான் திறந்திருக்கு. நடந்துட்டே இருங்க. வலி பத்துக்கு எவ்வளவு?"

"ஆறு" என்றேன். அதற்கு மேலும் வலி இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாதே!

வலி தெரியாமலிருக்க முதுகில் ஊசி போடலாமா என்று கேட்டார்கள். வகுப்பில் மூச்சுப் பயிற்சி கற்றிருக்கிறேன், வேண்டாம் என்றேன். மூச்சுப் பயிற்சி நன்றாகவே வேலை செய்தது — முதல் மூன்று வலி வரைக்கும்.

எப்படிப்பட்ட வலி? ஈரத்துணியைப் பிழிவதுபோல இடுப்பை இரண்டு பேர் பிடித்து முறுக்குகிறார்கள். முறுக்கி முடித்ததும் போய்விடுகிறார்கள். இரண்டு நிமிடம் ஒன்றுமே இல்லை. ஃபேன் ஓடும் சத்தம்கூடக் கேட்கிறது. பிறகு மறுபடி வருகிறார்கள்.

மூன்று மணிக்கு நான் முடிவெடுத்தேன். "செந்தில், நான் வீட்டுக்குப் போறேன்." கட்டிலை விட்டு இறங்கினேன்.

"சரி, போவோம்" என்று அவன் பையைத் தூக்கிவிட்டான்.

நர்ஸ் சாந்தம்மா வாசலில் நின்றார். கன்னடக்காரர். ஐம்பது வயதிருக்கும். "போலாம்மா, யாரு வேணாம்னாங்க? பாப்பா வரட்டும், மூணு பேரும் ஒண்ணா போலாம்" என்றபடியே என் இரண்டு கால்களையும் தூக்கிக் கட்டிலில் வைத்தார்.

நாலரை மணிக்குப் பிரசவ அறை. அவசரத்தில் சாந்தம்மாவுக்குத் தமிழ் மறந்துவிட்டது.

"தள்ளி! தள்ளி அம்மா, தள்ளி!"

கன்னடத்தில் அதற்குத் 'தள்ளுங்கள்' என்று அர்த்தம். அதாவது, முக்குங்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குப் புரிந்தது. செந்தில் ஓர் அடி தள்ளி நின்றான். "தள்ளி!" இன்னும் ஓர் அடி. நான் முக்க முக்க அவன் பின்னால் போய்க்கொண்டே இருந்தான். கடைசியில் முதுகு சுவரில் முட்டியதும், "இதுக்கு மேல எடம் இல்ல சிஸ்டர்" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. மானிட்டரில் குதிரை ஓட்டமாகக் கேட்டுக்கொண்டிருந்த குழந்தையின் இதயத் துடிப்பு, நடைக்கு வந்துவிட்டது.

அதுவரை பேசிக்கொண்டே இருந்த டாக்டரம்மா பேச்சை நிறுத்தினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "குழந்தை களைச்சிடுச்சும்மா. வேக்குவம் வச்சு இழுக்கப்போறேன். அடுத்த வலியில நீங்களும் முழுசா முக்கணும். வரலேன்னா உடனே ஆபரேஷன்."

செந்தில் சுவரை விட்டு வந்து என் கையைப் பிடித்தான். அவன் அழுதுகொண்டிருந்தான். எனக்கு அதற்கு நேரமில்லை. வலி வந்தது. என்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்து முக்கினேன்.

வந்துவிட்டாள். ஆனால் அழவில்லை.

மூலையில் இருந்த மேஜைக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு முதுகுகள்தான் தெரிந்தன.

"ஏன் அழல?"

ஒரு முதுகும் திரும்பவில்லை.

"செந்தில், ஏன் அழல?"

அவனும் என்னைப் பார்க்கவில்லை. அந்த மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம்? ஒரு நிமிடம்கூட இருக்காது என்று பிறகு சொன்னார்கள். சொல்பவர்களுக்கென்ன... பிறகு ஒரு சின்ன இருமல். இன்னொன்று. அப்புறம் ஒரு வீறிடல். செந்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

துடைத்துச் சுற்றிக் கொண்டுவந்து என் மார்பில் படுக்க வைத்தார்கள். சினிமாவில் இந்த இடத்தில் வயலின் வரும். அம்மாவின் கண்ணில் நீர் வழியும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? 'யார் இது?' அடுத்து, பசிக்கிறது என்று தோன்றியது. அவ்வளவுதான்.

பயந்துபோய் சாந்தம்மாவிடம் ரகசியமாகச் சொன்னேன். "எனக்கு ஒண்ணுமே தோணல சிஸ்டர்."

அவர் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டே, "இப்பத்தானே பாத்திருக்கீங்க... பழகட்டும்" என்றார்.

எந்த வகுப்பிலும் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. செந்திலின் நோட்டிலும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் பத்து நாள் அவளை ஒரு விருந்தாளியைப்போலத்தான் கவனித்துக்கொண்டேன். பால் கொடுத்தேன், துணி மாற்றினேன், வந்தவர்களிடம் சிரித்தேன். 'அப்படியே பூரிச்சுப் போயிருப்பியே' என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்றேன்.

பதினோராவது நாள் மத்தியானம். பால் குடித்து முடித்து என் மடியில் கிடந்தவளுக்கு விக்கல் எடுத்தது. விக்... விக்... விக். ஒரே சீராக. மடி குலுங்கியது.

எனக்குத் தெரிந்த குலுக்கல் அது. கடைசி இரண்டு மாதம் தினமும் இதே மத்தியான நேரத்தில் என் வயிற்றுக்குள்ளிருந்து, இதே தாளத்தில்... எத்தனை மீட்டிங்கில் மேஜைக்கு அடியில் கையை வைத்து எண்ணியிருக்கிறேன்!

"அட, நீதானா அது?" என்று சத்தமாகக் கேட்டேன். நான்கு மணிவரை அழுதேன்.

நான் 'நீதானா' என்று கேட்டது காதில் விழுந்து, வாசலில் யாரோ தெரிந்தவர்கள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, செந்தில் போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தான்.