கரண்ட் போனால் படிப்பு

நாற்பத்து நான்கு வயதில் இசக்கிசெல்வி தனித்தேர்வராக பிளஸ் டூ எழுதுகிறார். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறார். போன முறை பாடநூலின் பொடி எழுத்து கண்ணுக்குப் பிடிபடாமல் பாதிப் பாடத்தை விட்டுவிட்டார்; தோற்றார். இப்போது பெரிய திரை மின்நூல் கருவி வாங்கியிருக்கிறார். எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கி, திரையிலேயே அதற்கான பேனாவால் குறிப்பெழுதுகிறார். கரண்ட் போய்த் தறிகள் நின்றதும் மற்றவர்கள் டீக்கடைக்குப் போகிறார்கள். அவர் வாசல் வெயிலில் உட்கார்ந்து படிக்கிறார். போன் திரை போலக் கூசாது; காகிதம் மாதிரி, வெயிலில் அந்தத் திரை இன்னும் தெளிவு.

“ஏட்டி, இந்த வயசுல படிச்சு கலெக்டரா ஆகப்போற? திங்கக்கெழம லீவு கெடையாது” என்றார் மேஸ்திரி சண்முகையா.

“லீவு கேக்கல அண்ணாச்சி, வரமாட்டேன்னு சொல்லுதேன். தள்ளி நில்லும், எழுத்துல நிழல் விழுது.”

மேஸ்திரி நகர்ந்தார்.

திங்கள் காலை பத்து மணிக்குத் தமிழ்த் தேர்வு.