அத்தான் நடித்த படம்

அக்காள் புருஷன் ஒரு படத்தில் நடித்தவர் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். பார்த்தவர்தான் ஒருவரும் இல்லை. தாராவிக்கு வந்து பை தைக்கும் பட்டறை போடுவதற்கு முன் சென்னையில் அலைந்தபோது கிடைத்த வேடம். டீக்கடையில் காமெடியன் அடிவாங்கும்போது இவர் குறுக்கே புகுந்து ஒரு வசனம் பேசுவாராம். படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை.

இப்போது அது கல்ட் படமாம். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரியும். கிளாசிக்கை அன்றும் பார்த்தார்கள், இன்றும் பார்க்கிறார்கள். அன்று நாய்கூடச் சீந்தாததை இன்று பத்துப் பேர் தலையில் தூக்கிவைத்து ஆடினால் அது கல்ட். ஞாயிறுதோறும் அக்காள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே இதை அத்தானிடம் சொல்வேன்.

"செயிச்ச குதிரையத்தான் கும்புடுவியோ மாப்ள? அந்தப் படத்தத் தேடி எடு. நான் வாரதப் பாத்துட்டுப் பேசு" என்பார்.

தேடினேன். நான்கு ஆப்பில் இல்லாமல் ஐந்தாவதில் கிடைத்தது. அடுத்த ஞாயிறு எல்லோரையும் என் செம்பூர் வீட்டுக்கு வரச் சொன்னேன். அத்தான் புதுச் சட்டையில் வந்தார். அவருடைய மகள்களுக்குத் தமிழ் பாதிதான் புரியும். "மாமா, ஹிந்தி மே லகாவோ நா" என்றாள் சின்னவள். எந்த மொழியில் போட்டால் என்ன, ஆள் ஒன்றுதானே என்று இந்தி டப்பிங்கைப் போட்டேன்.

டீக்கடை வரவே இல்லை. படம் முடிந்ததும் அத்தான் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"இருந்துச்சு மாப்ள. சத்தியமா இருந்துச்சு."

"இருந்திருக்கும் அத்தான், உங்க மனசுல."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவள் சிரித்ததைத்தான் அவர் பார்த்தார். "இத்தன வருசமா என்கிட்ட பொய்யா சொன்னிய?" என்று அக்காள் கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு இனித்தது, மறைக்க மாட்டேன்.

அந்த வாரமே குர்லாவில் ரயில் நின்றுபோனபோது, பொழுதுபோகாமல் அதே படத்தைத் தமிழில் போனில் திறந்தேன். இந்தியைவிட அரை மணி நேரம் நீளமாக இருந்தது. இந்திக்கு மாற்றியவர்கள் காமெடியை மொத்தமாக வெட்டியிருந்தார்கள். டீக்கடை வந்தது. ஒட்டடைக்குச்சி மாதிரி அத்தான் வந்தார். எங்களிடம் சொன்ன வசனத்தை அப்படியே பேசினார். நன்றாகவே பேசினார், சனியன்.

மூன்று தடவை பார்த்தேன். உடனே குடும்பக் குரூப்பில் போட்டிருக்கலாம். போட்டால் அவர் நடிகர், நான் முட்டாள். போடவில்லை. அதற்குப் பிறகு அத்தான் சினிமாப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கும் சண்டைக்கு ஆளில்லாமல் போனது.

பெரியவளின் நிச்சயதார்த்தம் மாட்டுங்காவில் ஒரு ஹாலில் நடந்தது. சாப்பாட்டுப் பந்தியில் சம்பந்தி ஆசையாகக் கேட்டார்: "நீங்க சினிமால நடிச்சியளாமே?"

அத்தான் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"அதெல்லாம் இல்ல. சும்மா வெளையாட்டுக்குச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது" என்றார்.

போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. நான் இன்னொரு கப் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.