'த' என்றால் தண்ணீர்

என் கணவருக்கு முதலில் நாக்கு குழறியது, பிறகு கைகள் போயின. நரம்பு நோய், மருந்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வருடத்துக்குள் பேச்சு முற்றிலும் நின்று, வலது ஆள்காட்டி விரல் மட்டும் மிஞ்சியது.

நான் கணக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியில் வேலை பார்த்தேன். கல்கத்தாவில், டாக்குரியா பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் பழைய கம்ப்யூட்டரைக் கட்டிலருகே வைத்து, அவருக்காக ஒரு புரோகிராம் எழுதினேன். ஷிஃப்ட், கன்ட்ரோல் என்று இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த அவரால் முடியாது. அதனால் ஒரு தேவைக்கு ஓர் எழுத்து. ஆங்கில டி (T) தட்டினால் தண்ணீர், வி (V) தட்டினால் வலி. பகலில் அவரைப் பார்த்துக்கொண்ட வங்காளி ஆயாவுக்காகத் திரையில் அது பெரிய வங்க எழுத்தில் வரும். அவர் தானே எதையாவது எழுதிச் சொல்ல, திரையின் கீழே ஒரு பெட்டியும் வைத்தேன்.

ஒரு நாள் ஆபீஸிலிருந்து வந்ததும் ஆயா அலுத்துக்கொண்டாள். தாதா, அதாவது அண்ணா, நாள் முழுக்கத் தண்ணீர் கேட்கிறார், கொடுத்தால் வாயை இறுக மூடிக்கொள்கிறார் என்றாள். நான் டம்ளரை நீட்டினேன். அவர் வாய் திறக்கவில்லை. மறுபடி டி. மறுபடி திரை நிறையத் தண்ணீர். அவர் கண்ணில் நீர் வழிந்தது.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. "என்னங்க வேணும்? எனக்குப் புரியலையே" என்று கத்திவிட்டேன்.

அவர் விரல் டியிலிருந்து மெல்ல நகர்ந்து எச் விசைக்குப் போனது. அப்போதுதான் புரிந்தது. அவர் தண்ணீர் கேட்கவில்லை. டி, எச் சேர்த்து 'த' என்று ஏதோ ஒரு வார்த்தையை ஆரம்பிக்கப் பார்க்கிறார். அந்தப் பெட்டிக்குள் எழுதினாலும், முதல் எழுத்தைத் தட்டியதுமே என் புரோகிராம் குறுக்கே விழுந்து அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். தேவைகள் எல்லாம் எண் விசைகளுக்குப் போயின; எழுத்துகள் வெறும் எழுத்துகளாயின. அவர் ஆங்கில எழுத்துகளில் தமிழை ஒவ்வொன்றாகத் தட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.

"தனியா விடாதே. பயமா இருக்கு."

பயத்துக்கு நான் விசை எதுவும் வைத்திருக்கவில்லை.

"இனிமே போகலை" என்றேன். மறுநாள் லீவு போட்டேன். லீவு தீர்ந்ததும் வேலையை விட்டேன்.

துர்கா பூஜைக்குள் அந்த விரலும் அடங்கியது. அதன்பின் நான் எழுத்துகளை வரிசையாகச் சொல்வேன். வேண்டிய எழுத்து வந்ததும் அவர் கண்ணை மூடுவார். அப்படிச் சில வாரங்கள் பேசினோம். குளிர்காலம் முடியுமுன் போய்விட்டார்.