மாமா கழற்றிய பெட்டரி

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குச் செய்தி இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று, மாமா குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவில் இருந்த சின்ன டிவி. மற்றது கருவாடு. பதுளை பஜாரிலிருந்து அம்மா வாங்கிவரும் கருவாட்டைச் சுற்றியிருக்கும் பத்திரிகைத் தாளை நான் பிரித்து, சுருக்கம் நீவி, மாமாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். நான் வாசித்து முடிப்பதற்குள் அந்தச் செய்தியில் வந்த மந்திரி கட்சி மாறியிருப்பார். மாமாவுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

"பழசாத்தான் இருக்கணும் பாப்பா. பொய்யெல்லாம் காஞ்சு உதுந்து, மிச்சம் இருக்கிறதுதான் செய்தி."

மாமா என் அம்மாவின் தம்பி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். எங்கள் குடும்பத்தில் ஒரு பத்தியை முதல் எழுத்திலிருந்து முற்றுப்புள்ளி வரை தடங்கலில்லாமல் வாசித்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு இன்னும் பழகவில்லை.

டிவி லயத்தின், அதாவது எங்கள் வரிசை வீட்டின், மற்றக் காம்பராக்களிலும் இருந்தது. ஆனாலும் ஏழு மணிச் செய்திக்கு லயத்துச் சனம் மாமாவிடம்தான் வந்தது. செய்தி வாசிப்பவருக்கு மாமா சொல்லும் பதிலைக் கேட்கத்தான் அவ்வளவு கூட்டம். செவ்வாய்க் கிரகத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று ஆராயப் போகிறார்கள் என்றால், "அம்புட்டுத் தூரம் எதுக்குப் போறாய்ங்க? நம்ம பீலியில மொதல்ல தேடட்டும்" என்பார். பீலி என்பது லயத்துக்குத் தண்ணீர் விழும் குழாய். அதில் வாரத்தில் பாதி நாள் காற்றுத்தான் வரும். மத்திய மலைநாட்டில் மழை பெய்யக்கூடும் என்று வானிலை சொன்னால், "நாமளும் நாளைக்கு வேலைக்கு வரக்கூடும்னு தொரைகிட்டச் சொல்லிப் பாப்பமா?" என்று கேட்பார். மந்திரிமார் ரிப்பன் வெட்டும்போதெல்லாம் நாட்டிலேயே ஓய்வில்லாமல் உழைப்பது கத்திரிக்கோல்தான் என்பார்.

அவர் சொன்னது எல்லாமே சரி என்று இல்லை. பாதிக்கு மேல் பிழை. போன் கோபுரத்தின் அலைதான் குளவிகளுக்குப் பைத்தியம் பிடிக்க வைத்துக் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கொட்ட வைக்கிறது என்று சத்தியம் செய்வார். செயற்கைக்கோள் மேகத்தைக் கிழிப்பதால்தான் மழை கூடிவிட்டதாம். விஞ்ஞானப் பாடத்தில் நான் படித்ததைச் சொன்னால், "சரிங்க டீச்சரம்மா" என்று கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நிற்பார். கூட்டம் சிரிக்கும். எனக்குக் கோபமும் வரும், டீச்சரம்மா என்றது உள்ளுக்குள் இனிக்கவும் செய்யும்.

மீரியபெத்தயில் மலை இறங்கி லயங்களை மூடிய அடுத்த வருடம், எங்கள் மலையையும் பார்க்க ஆட்கள் வந்தார்கள். மண்ணைக் குத்திப் பார்த்தார்கள். லயத்துச் சுவர் வெடிப்புகளில் சாயம் பூசி அடையாளம் வைத்தார்கள். இங்கே இருப்பது ஆபத்து, வேறு இடத்தில் வீடு கிடைக்கும் என்றார்கள். அம்மா அன்றைக்கே ரோட்டுக்கு மேல் ஒரு தட்டை நிலத்தைப் பார்த்து, வாசல் எந்தப் பக்கம் என்று முடிவு செய்துவிட்டார். சில மாதம் கழித்து ஒரு லொறி வந்தது. அதில் வீடு இல்லை. ஓர் இரும்புக் கம்பமும், அதன் உச்சியில் பூட்ட ஒரு சூரியத் தகடும், நான்கு பக்கமும் வாய் திறந்த ஒரு சங்கும், அடியில் ஒரு பெட்டிக்குள் லொறிக்குப் போடுவது மாதிரி ஒரு பெட்டரியும் இருந்தன. வீடு வரும்வரைக்கும் இது. மழை அளவு மீறினால் தானாக ஊதும். ஊதினால் எல்லாரும் ஓட வேண்டும்.

"வீடு கேட்டோம். சங்கு ஊதுறாய்ங்க" என்றார் மாமா. லயமே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

திறப்பு விழாவுக்கு மந்திரி வந்தார். கூடவே டிவிக்காரர்கள். காலையிலேயே அதிகாரி ஒருவர் எல்லாரையும் கூட்டிச் சிங்களத்தில் விளக்கினார். கணக்கப்பிள்ளை தமிழில் சொன்னார். இன்று ஒத்திகை. சங்கு ஊதியதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, மேலே ஏறி, ரோட்டைத் தாண்டிக் கோயிலுக்கு வந்துவிட வேண்டும். கோயில் பாறை மேல் இருக்கிறது, அதுதான் பாதுகாப்பு. விளங்கியதா? எல்லாரும் தலையாட்டினார்கள். மாமா இரண்டு தரம் ஆட்டினார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளான எங்களை மந்திரியை வரவேற்கக் கோயில் வாசலில் காகிதக் கொடியோடு நிறுத்தியிருந்தார்கள். கெமராவும் அங்கேதான் வைக்கப்பட்டிருந்தது, ஓடிவரும் சனத்தைப் பிடிப்பதற்காக. அங்கிருந்து பார்த்தால் தோட்டம் முழுவதும் தெரியும். நடுவில் லயங்கள். அதற்குக் கீழே, மலை வயிற்றைக் குடைந்து சமப்படுத்திய இடத்தில் பெரட்டுக் களம். தினமும் விடிந்ததும் தொழிற்சாலைச் சங்கு ஊதும். தொழிலாளர்கள் ஓடிப்போய் அங்கே வரிசையில் நிற்பார்கள். கங்காணி பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார். பிந்திப் போனால் அன்றைக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். அம்மா என்னை வயிற்றில் சுமந்துகொண்டும் அந்தச் சங்குக்கு ஓடியிருக்கிறார். அம்மாவின் அம்மாவும் அப்படித்தான்.

மந்திரி பொத்தானை அமுக்கினார். சங்கு ஊதியது.

லயத்துக் கதவெல்லாம் ஒரே நேரத்தில் திறந்தது. சனம் வெளியே பாய்ந்தது. நாங்கள் கொடியை ஆட்டத் தயாரானோம். சனம் கீழே ஓடியது.

பெண்கள் ஓடும்போதே கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டார்கள். சிலர் மழைக்குக் கட்டும் படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டே ஓடினார்கள். ஆண்கள் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு. கொஞ்ச நேரத்தில் பெரட்டுக் களம் நிறைந்துவிட்டது. பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை. கங்காணி முன்னால் வந்து நின்று வாயைத் திறந்து, பேர் கூப்பிடப் போய், அப்படியே நின்றுவிட்டார். ஆண்கள் வரிசையில் முதல் ஆள் மாமா.

கோயில் வாசலில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தோம். எங்கள் ஆசிரியர் வாயைப் பொத்தச் சொல்லிவிட்டு அவரும் திரும்பிக்கொண்டார். மந்திரி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, கெமராவைத் தூக்கிக்கொண்டு எல்லாருமாகக் கீழே இறங்கினார்கள். நாங்களும் பின்னால் ஓடினோம். சனம் வராவிட்டால் என்ன, சனம் இருக்கும் இடத்துக்கு மந்திரி போனார். அங்கே வைத்துத்தான் பேசினார். ஆட்களுக்கு மேலே, களத்தை ஒட்டி, மலை செங்குத்தாக நின்றது. சிவப்பு மண், வேரெல்லாம் வெளியே தொங்க.

பேச்சு முடிந்ததும் மாமா அதிகாரியிடம் போனார். மாமாவுக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். ஆனால் அன்றைக்குத் தமிழிலும் சிங்களத்திலுமாக, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"ஐயா, இந்த மிசின்ல கோயில் மணிச் சத்தம் வராதுங்களா?"

கூட்டம் குபீரென்று சிரித்தது. மந்திரியும் சிரித்தார். அதிகாரி மாமாவின் தோளில் தட்டி, இது வெளிநாட்டிலிருந்து பூட்டியே வந்த கருவி, சத்தத்தை மாற்ற முடியாது, அடுத்த முறை நீங்கள் பழகிவிடுவீர்கள் என்றார். "இல்லைங்க ஐயா, மணியின்னா காலு தன்னால மேல போகும்" என்று மாமா தொடங்கினார். அதற்குள் ஜீப்பை ஸ்டார்ட் பண்ணிவிட்டார்கள்.

அன்று மாமாவின் காம்பராவில் நிற்க இடமில்லை. ஏழு மணிச் செய்தியில் எங்கள் தோட்டம் வந்தது. அபாயச் சங்கு ஒலித்ததும் தோட்ட மக்கள் ஒழுங்காகப் பாதுகாப்பான இடத்தில் ஒன்றுகூடினர் என்று செய்தி வாசிப்பவர் சொன்னார். பெரட்டுக் களத்தைக் காட்டினார்கள். அம்மாவின் முகம் ஒரு நொடி வந்தது. நான் கத்திக்கொண்டு குதித்தேன். அடுத்து மாமா, கத்தியோடு, விறைப்பாக.

"டேய் தம்பி, நீதான்டா மொத ஆளா நிக்கிற!" என்றார் அம்மா.

எல்லாரும் மாமாவின் பதிலுக்காகத் திரும்பினார்கள். மாமா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு செய்தி வந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். டிவியில் வந்த பெருமையில் வாயடைத்துப் போனார் என்று நான் நினைத்தேன்.

ஐப்பசி மழை தொடங்கியது. மழையோடு கரண்ட் போனது. மாமாவின் டிவி பெட்டரியிலும் ஓடும். ஆனால் அவரிடம் இருந்த பழைய பெட்டரி செத்துவிட்டது. ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் நின்ற மாமாவின் காம்பராவில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கடியில் படங்கு சுற்றிய ஒன்றிலிருந்து வயர் வந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மா படங்கை விலக்கிப் பார்த்தார். சங்குக் கம்பத்துப் பெட்டரி.

"அடப் பாவி! நாலு லயத்துச் சனம்டா. ஒனக்குச் செய்தி பாக்குறதுக்கு இதுதான் கெடைச்சுச்சா?"

மாமா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "ஏன் அக்கா, அது கத்துச்சுன்னா நீ எங்க ஓடுவ?"

அம்மா முதுகில் ஈரக் கூடையோடு அப்படியே நின்றார். நான் சிரித்தேன்.

அதிகாரி கருவியைச் சோதிக்க வந்தபோது பெட்டி காலியாக இருந்தது. தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. முழு லயமும் கரண்ட் இல்லாத நாளில் மாமாவின் காம்பராவில் செய்தி பார்த்திருந்தது. பொலிஸ் ஜீப் வந்தது. மாமா திரும்பி வந்தபோது ஒரு கண் மூடியிருந்தது. தோட்டத்து வேலைப் பதிவில் அவர் பேரை வெட்டினார்கள். பீலியடியில் பெண்கள் அம்மாவோடு பேசுவதை நிறுத்தினார்கள். திருடும் சனத்துக்குக் கருவி எதற்கு என்று மேலிடத்தில் சொன்னார்களாம். புதுப் பெட்டரி வரவே இல்லை. வீட்டைப் பற்றிக் கேட்கவும் யாருக்கும் வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பெட்டரி என்று என்னைக் கூப்பிட்டார்கள். மாமாவின் மேல் எனக்கிருந்த வெறுப்பு சின்னதல்ல.

சில வாரம் கழித்துக் கருவாட்டுத் தாளில் அது வந்தது. நான் வாசிக்கமாட்டேன் என்றேன். மாமா வற்புறுத்தினார். தோட்டத்தில் அபாய எச்சரிக்கைக் கருவியின் பெட்டரி திருட்டு, டிவி பார்க்கத் திருடியவர் கைது. ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன்.

"பேரப் போடலியா?"

"இல்ல."

"பாத்தியா? பேரு போடுற அளவுக்கு நாம இன்னும் வளரல." சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அடுத்த கிழமை கொழும்புக்குப் போனார், கட்டட வேலைக்கு. அங்கேயே நெஞ்சில் சளி கட்டிச் செத்துப் போனார். அது எந்தத் தாளிலும் வரவில்லை.

நான் படித்து முடித்து இப்போது பதுளையில் ஆசிரியை. மாமா கையைக் கட்டிக்கொண்டு கூப்பிட்ட பேர் பலித்துவிட்டது. அம்மாவை என்னோடு வந்துவிடச் சொன்னால் வரமாட்டார். போன கார்த்திகையில் மழை விடாமல் அடித்தது. தொழிற்சாலையில் கரண்ட் இல்லை, வேலையும் இல்லை, எந்தச் சங்கும் ஊதவில்லை. பகல் நேரம், மலை உறுமுகிற சத்தம் கேட்டுச் சனம் வெளியே வந்திருக்கிறது. யாரும் கூப்பிடாததால் அவரவர் காலுக்குத் தோன்றிய பக்கம், மேலே, ரோட்டைத் தாண்டி ஓடியிருக்கிறார்கள். மண் லயத்தின் ஓரத்தை உரசிக்கொண்டு இறங்கிப் பெரட்டுக் களத்தை நிரப்பியது. களத்தோரக் கொட்டகையின் தகரக் கூரைகூடத் தெரியவில்லை.

பள்ளிக்கூட மண்டபத்தில், மற்றவர்களோடு பாயில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குப் போனில் வந்த செய்தியை வாசித்துக் காட்டினேன். எச்சரிக்கைக் கருவி பல வருடமாக இயங்கவில்லை என்பது அம்பலம். பொறுப்பானவர்கள் யார் என்று எதிர்க்கட்சி கேள்வி. இனிமேல் கணினியே மலையைக் கவனித்துச் சங்கை ஊதும் என்று மந்திரி உறுதி. கீழே ஆயிரம் பேர் ஆத்திரத்தோடு கருத்து எழுதியிருந்தார்கள். கடைசி வரியில், அதிர்ஷ்டவசமாக உயிர்ச்சேதம் இல்லை என்று இருந்தது.

"சங்கு வேலை செய்யலேன்னா போட்டிருக்கு?" என்று அம்மா கேட்டார்.

"ஆமாம்மா."

"அது ஏன்னு போடலியா?"

"இல்லம்மா."

அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். பக்கத்தில் கங்காணியின் மகள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பீலியடியில் பேச்சை நிறுத்திய பெண்களெல்லாம் அதே பாய்களில் உயிரோடு இருந்தார்கள்.

"அது கத்துச்சுன்னா நீ எங்க ஓடுவ?" என்று அம்மாவிடம் மாமா கேட்ட அந்தக் கேள்வியைத்தான் அப்போது நினைத்தேன். ஏழு மணிக்கு மாமா வாயைத் திறந்தால் எல்லாரும் சிரிப்பார்கள்; அதனால் நானும் சிரித்தேன். அம்மா ஏன் சிரிக்காமல், ஈரக் கூடையை இறக்கி வைக்காமல், அவ்வளவு நேரம் நின்றார் என்று கேட்க எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.